புது கிளாஸ் பசங்கள பத்தி முன்கூட்டியே கேட்டுக்கலாமா, வேணாமா?

ஆறாப்பு_மிஸ் | ஜூன் 2025

ஒரு அரசு உயர்நிலைப் பள்ளில ஆறாம் வகுப்பு கிளாஸ் டீச்சர் நான். சுத்துவட்டாரத்துல நாலு தொடக்கப்பள்ளி இருக்கு, அங்க அஞ்சாவது முடிச்ச பசங்க எல்லாம் எங்ககிட்டதான் வருவாங்க. ஸ்கூல் தொறந்த அன்னிக்கு டிசி எல்லாம் வாங்கி எமிஸ்ல, அதான் பசங்க விவரம் ஏத்தற அரசு வெப்சைட்ல, ஏத்திட்டு இருந்தேன். ஒரு பையன் டிசி-ல பிறந்த தேதி ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி இருந்துச்சு, அத கேக்க பழைய ஸ்கூல் டீச்சருக்கு போன் போட்டேன். தேதி விஷயம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. வைக்கப்போறப்ப "டீச்சர், இன்னொரு விஷயம், உங்க லிஸ்ட்ல ஒருத்தன் வர்றான், பேர எழுதிக்கங்க"ன்னாங்க. கை நீளம், வாயத் தொறந்தா பொய், பக்கத்துல இருக்கறவன் நோட்ட பாத்துதான் எழுதுவான், அவங்கப்பா ஸ்கூலுக்கு வந்து சத்தம் போடுவாரு, பேசாம கடைசி பெஞ்ச்ல போட்டுட்டு உங்க வேலைய பாருங்க, அப்படின்னு ஒரு பத்து நிமிஷம்.

கைல பேனா இருந்துச்சு. எழுதிட்டேன். வருகைப் பதிவேட்டு அட்டையோட உள்பக்கத்துல.

மறுநாள் அவன் வந்து நிக்கறான். அண்ணன் சட்ட போல, தோள்பட்ட தையல் பாதி கை வரைக்கும் இறங்கி கெடக்கு, காதோரம் எண்ணெய் வழியுது. "உள்ள வரலாமா டீச்சர்"னு கேட்டான். நான் அவன்ட்ட பேசின மொத வார்த்த என்ன தெரியுமா, "பைய தொற, பாப்போம்." முப்பத்தெட்டு பேர் வந்தாங்க அன்னிக்கு, வேற ஒருத்தர் பையக்கூட நான் தொறக்கச் சொல்லல. ராத்திரி சாப்பிடறப்பதான் அது எனக்கே உறைச்சுது.

அதான் கேக்கறேன். இந்த மாதிரி தகவல கேட்டுக்கறது நல்லதா, காத மூடிக்கறது நல்லதா? டீச்சருங்க, பேரண்ட்ஸ், யாரா இருந்தாலும் சொல்லுங்க.

கணக்கு_சார்_31வருசம்

அம்மா, 31 வருசம் சர்வீஸ் போட்டுட்டு ரிட்டயர்டு ஆனவன் சொல்றேன், கேட்டுக்கத்தான் வேணும். டிசி-ல ஒழுக்கமும் பண்பும்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்னிக்காவது "நன்று" தவிர வேற ஏதாச்சும் எழுதி பாத்திருக்கீங்களா? நானும் ஆயிரக்கணக்குல எழுதியிருக்கேன், எல்லாருக்கும் நன்றுதான். ஏன்னா வேற எழுதினா அந்தப் பிள்ளைக்கு அடுத்த ஸ்கூல்ல கதவு தொறக்காது. அப்ப நெஜம் எங்க போகும்? போன்லதான் போகும், டீக்கடைலதான் போகும். பேப்பர்ல நன்று, போன்ல வண்டி வண்டியா. இது நாம பண்ணின ஏற்பாடு, அந்த டீச்சர மட்டும் குத்தம் சொல்லாதீங்க.

இன்னொண்ணு. எனக்கு ஒரு எட்டாவது பொண்ணு இருந்துச்சு. கணக்கு போடறப்ப திடீர்னு பென்சில பிடிச்சபடியே ஜன்னல பாக்கும், கூப்ட்டா திரும்பாது, பத்து செகண்ட்ல மறுபடி எழுதும். பகல் கனவு காணுதுன்னு மூணு மாசம் அத எந்திரிச்சு நிக்க வச்சேன். அது வலிப்போட ஒரு வகைன்னும், மாத்திரை சாப்டுதுன்னும் ஏழாம் வகுப்பு டீச்சருக்கு தெரியும். எனக்கு யாரும் சொல்லல. அவங்கம்மா வந்து அழுதப்பதான் தெரிஞ்சுது. இன்னிக்கும் அந்தப் பொண்ணு மொகம் மறக்கல. முன்கூட்டியே சொல்லாததாலதான் அந்தப் பாவம் என் தலைல.

கடைசிபெஞ்ச்_கதிர்

சார், வலிப்பு சொல்றதும் "கை நீளம்"னு சொல்றதும் ஒண்ணா? அது டாக்டர் சொன்னது, இது எவனோ சொன்னது.

நான் கடைசி பெஞ்ச்லயே அஞ்சு வருசம் ஓட்டினவன். ஆறாவதுல ஒரு தடவ ஜன்னல் கண்ணாடி ஒடச்சேன், உண்மைதான், ஒத்துக்கறேன். அது ஏழாவதுல "ரவுடி"ன்னு ஆச்சு, எட்டாவதுல நான் லீவு போட்ட அன்னிக்கு நடந்த சண்டைக்கும் என்னைய கூப்ட்டாங்க. ஒம்பதாவதுல புதுசா ஒரு சயின்ஸ் மிஸ் வந்தாங்க, வெளியூரு, யாரும் அவங்கட்ட எதுவும் சொல்லல போல, லேப் சாவிய எங்கைல குடுத்து "போய் தொறந்து வை"ன்னாங்க. ஒரு வருசம் சாவி எங்கிட்டதான். ஒரு டெஸ்ட் டியூப் ஒடயல. நான் இன்னிக்கு லேப் டெக்னீஷியன்.

மனசு_பிஜி

சைக்காலஜி படிக்கறேன், இதப்பத்தி எங்களுக்கு ஒரு பாடமே உண்டு, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

அமெரிக்கால ரோசென்தால், ஜேக்கப்சன்னு ரெண்டு பேர், 1960-கள்ல கலிபோர்னியால ஒரு ஆரம்பப் பள்ளில ஒரு டெஸ்ட் வச்சாங்க. வச்சுட்டு டீச்சர்கிட்ட "இந்த இந்த பசங்க இந்த வருசம் சட்டுனு மேல வரப்போறாங்க"ன்னு ஒரு லிஸ்ட் குடுத்தாங்க, கிளாஸ்ல சுமார் 20% பேர். விஷயம் என்னன்னா அந்த லிஸ்ட் சும்மா, சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி எடுத்த பேருங்க. வருசக் கடைசில மறுபடி டெஸ்ட் வச்சா ஒண்ணாவது ரெண்டாவதுல லிஸ்ட்ல இருந்த பசங்க மத்தவங்கள விட கூட ஏறியிருந்தாங்க. பெரிய கிளாஸ்ல அந்த வித்தியாசம் பெருசா இல்ல. 1968-ல வெளிவந்துச்சு, ஒலகமே அத புடிச்சுக்கிச்சு.

ஆனா நம்மாளுங்க அதோட நிறுத்திடுவாங்க, கதை அங்க முடியல. அந்த டெஸ்டே சரியில்ல, சின்னப் பசங்க மார்க் நம்பற மாதிரி இல்லன்னு அப்பவே தார்ன்டைக் மாதிரி அளவீட்டு ஆளுங்க கிழிச்சாங்க. அப்புறம் 1984-ல ராடன்புஷ்னு ஒருத்தர் இதே மாதிரி நடந்த 18 சோதனைகள ஒண்ணா வச்சு பாத்தாரு. ஏன் சிலதுல விளைவு வருது, சிலதுல வரலன்னு. அவர் கண்டுபிடிச்சதுதான் ஆறாப்பு மிஸ் கேள்விக்கு நேரா வருது: டீச்சர் அந்தப் பசங்களோட ரெண்டு வாரத்துக்கு மேல பழகியிருந்தா, வெளில இருந்து குடுக்கற லிஸ்ட் கிட்டத்தட்ட எதுவும் பண்ணல. பழகறதுக்கு முன்னாடி, இல்ல பழகி ரெண்டு வாரத்துக்குள்ள குடுத்தாதான் பலிக்குது.

அதாவது மொத வாரம்தான் ஆபத்து. மிஸ் பேனால எழுதினது மொத நாள்.

இன்னொரு விஷயம் நிறைய பேர் கவனிக்கறதில்ல. ரோசென்தாலும் ஜேக்கப்சனும் நல்ல பேர குடுத்துதான் சோதிச்சாங்க. "இவன் தேறமாட்டான்"னு ஒரு பொய் லிஸ்ட் குடுத்து பசங்க வாழ்க்கைல விளையாடல. நாம அத தெனமும் ஸ்டாப் ரூம்ல இலவசமா நடத்திட்டு இருக்கோம்.

தனியார்_பள்ளி_தமிழம்மா

எங்க ஸ்கூல்ல ஸ்டாப்பு வாட்ஸப் குரூப் இருக்கு, மே மாசமே போட்டோவோட வந்துரும், "திஸ் பாய் வாட்ச்"னு. நான் அத பாக்காம விடவும் முடியாது, ஏன்னா கோஆர்டினேட்டர் ப்ளூ டிக் பாப்பாங்க 😐

கணக்கு_சார்_31வருசம்

@மனசு_பிஜி தம்பி, நல்லா சொன்னீங்க, ஆனா ஒரு சந்தேகம். டீச்சர் நெனப்புக்கு ஏத்த மாதிரி பையன் மாறறான்னு சொல்றீங்க. பையன் இருக்கற மாதிரிதான் டீச்சர் நெனைக்கறாருன்னு ஏன் இருக்கக்கூடாது? நான் ஜூன்லயே இவன் பெயிலாவான்னு சொன்னா மார்ச்ல பெரும்பாலும் ஆவான். நான் மந்திரம் போட்டதால இல்ல, அவனுக்கு பின்னம் தெரியாததால.

மனசு_பிஜி

நியாயமான கேள்வி சார். ஜஸ்ஸிம், ஹார்பர்னு ரெண்டு பேர் 2005-ல முப்பது முப்பத்தஞ்சு வருசத்து ஆராய்ச்சிய அலசி கிட்டத்தட்ட உங்க பக்கம்தான் பேசினாங்க. டீச்சர் எதிர்பார்ப்பு பலிக்கறது பெரும்பாலும் அது சரியா இருக்கறதாலதான், எதிர்பார்ப்பே பிள்ளைய மாத்தறது சராசரியா சின்ன அளவுதான்னு. ஆனா அதே கட்டுரைல, ஏற்கனவே ஓரங்கட்டப்பட்ட பிள்ளைங்ககிட்ட அந்த விளைவு பெருசா இருக்கலாம்னும் சொல்றாங்க. சராசரிக்கு சின்னது, எளியவனுக்கு பெருசு.

அப்புறம் சார், பின்னம் தெரியாதுங்கறது நீங்க நோட்ட பாத்து கண்டுபிடிச்சது. போன்ல வந்தது இல்ல.

தேனிப்பக்கம்

நீங்கல்லாம் பையன் பேர பேசறீங்க, நான் ஊர் பேர பேசறேன்.

ஸ்டாப் ரூம்ல "அந்தப் பையன் எப்படி"ன்னு கேட்டா என்ன பதில் வருது? "அவன் அந்தத் தெரு சார்." முடிஞ்சு போச்சு. "காலனி பசங்க", "அந்த ஊர்க்காரனுக", இதெல்லாம் நடத்தையப் பத்தின தகவலா? 2023-ல நாங்குநேரில ஒரு தலித் மாணவன கூடப் படிச்ச பசங்களே சாதி வெறில வெட்டினதுக்கப்புறம் நீதிபதி சந்துரு தலைமைல ஒருநபர் குழு போட்டாங்க, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு, அதுல வருகைப் பதிவேட்ல சாதி விவரமே இருக்கக்கூடாதுன்னு பரிந்துரை இருக்கு. ஒரு ரிட்டயர்டு ஜட்ஜ் உக்காந்து இத எழுத வேண்டியிருக்குன்னா அதுவரைக்கும் அந்தப் பதிவேட்ட பாத்து என்னென்ன நடந்திருக்கும்னு யோசிங்க. பதிவேட்ல அந்தக் கட்டத்த எடுத்துடலாம். வாய எப்படி எடுக்கறது?

எங்க தாத்தா கத ஒண்ணு சொல்றேன். எங்க ஆளுகள குற்றப்பரம்பரைன்னு வெள்ளைக்காரன் ரிஜிஸ்தர் பண்ணி வச்சிருந்தான், 1911 சட்டம். கைரேக வைக்கணும், ராத்திரியானா போலீஸ்கிட்ட போய் ஆஜர் குடுத்து அங்கயே படுக்கணும், வெளியூர் போனா ராதாரிச் சீட்டுன்னு அனுமதிச் சீட்டு வாங்கணும். ரேக வைக்கமாட்டோம்னு நின்னதுக்குத்தான் 1920-ல பெருங்காமநல்லூர்ல சுட்டான். மெட்ராஸ் மாகாணத்துல 1947-லதான் அந்தச் சட்டம் போச்சு. எங்க தாத்தா எதையும் திருடினதில்ல, அவருக்கு மீச மொளைக்கறதுக்கு முன்னாடியே அவர் பேர் நோட்டுல இருந்துச்சு. "கை நீளம், பேர எழுதிக்கங்க"ன்னு படிச்சதும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. மிஸ் தப்பா நெனைச்சுக்காதீங்க, உங்களச் சொல்லல. அந்த நோட்டு, அந்தப் பேனா, அவ்வளவுதான்.

ஆறாப்பு_மிஸ்

இல்ல சார், தப்பா நெனைக்கல. கொஞ்ச நேரம் போன கீழ வச்சுட்டேன், அவ்வளவுதான்.

ரெண்டு_பசங்க_அம்மா

பேரண்டா ஒரு வார்த்த. என் சின்னவனுக்கு ஏடிஎச்டி, அதான் கவனம் ஒரு எடத்துல நிக்காம துறுதுறுன்னு இருக்கற பிரச்சன. ஒவ்வொரு ஜூனும் எங்க வீட்ல இதே பட்டிமன்றம்தான், புது மிஸ்கிட்ட சொல்றதா வேணாமான்னு. ஒரு வருசம் சொன்னேன். அந்த மிஸ் ரொம்ப நல்லவங்கதான், ஆனா அதுக்கப்புறம் அவன் பண்ற எல்லாமே அதுக்குள்ள போயிருச்சு. ஒருத்தன் இவன கிள்ளி இவன் கத்தினா "அவனுக்கு அப்படித்தான் இருக்கும் மேடம், நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கறோம்"னு எனக்கு ஆறுதல் சொல்றாங்க. கிள்ளினவன யாரும் கேக்கல. அடுத்த வருசம் சொல்லல. செப்டம்பர் வரைக்கும் தெனம் கிளாசுக்கு வெளில முட்டி போட்டு நின்னான். சொன்னா முத்திரை, சொல்லலன்னா முட்டி.

இப்ப என்ன பண்றேன்னா ஒரு அரப்பக்கம் எழுதிக் குடுக்கறேன். வியாதி பேரெல்லாம் கீழதான், மேல நேரா வேலைக்கு ஆகறது: "ஒரே நேரத்துல மூணு வேல சொன்னா ஒண்ணுதான் செய்வான், ஒவ்வொண்ணா சொல்லுங்க. போர்ட அழிக்கச் சொன்னா சந்தோஷமா செய்வான், அதுக்கப்புறம் இருபது நிமிஷம் உக்காருவான். ஜன்னல் பக்கம் வேணாம். அவன் கத்தினா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவ கேளுங்க." இத படிச்ச மிஸ் "இத எல்லாப் பசங்களுக்கும் இப்படி எழுதிக் குடுத்தா எவ்ளோ நல்லாருக்கும்"னாங்க.

பெரியவ கத வேற, அவ கிளாஸ் டாப்பர். சின்னவன் அதே ஸ்கூல்ல சேந்தப்ப "ஓ அவ தம்பியா!"ன்னு எல்லா மிஸ்ஸும் சிரிச்ச மொகமா வந்தாங்க. ஒரு மாசத்துல அந்த மொகம் வாடினத அவன் பாத்தான் பாருங்க. நல்ல பேரும் முன்னாடி போகக்கூடாதுங்க.

யாழ்ப்பாண_ரீச்சர்

அக்கா சொன்னது சரி. எங்கட பக்கம் ஆரும் கதைச்சுச் சொல்லத் தேவையே இல்லை, ஐஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைப் புள்ளியோடதான் பிள்ளை ஆறாம் வகுப்புக்குள்ள காலடி வைக்குது. 200க்கு எவ்வளவு, வெட்டுப்புள்ளிக்கு மேலயோ கீழயோ, ஊருக்கே தெரியும். ஒரு புள்ளியால தவறின பிள்ளையும் இருக்கு. பத்து வயசுப் பிள்ளையை அறிமுகப்படுத்தேக்க பேருக்கு அடுத்ததா அந்த இலக்கத்தைச் சொல்லுறாங்கள். நான் வகுப்பாசிரியரா இருக்கேக்க முதல் தவணை முடியும் வரைக்கும் அந்தப் பட்டியலைத் திறக்கிறதில்லை எண்டு வச்சிருக்கிறன். ஆனா பிள்ளையளே வந்து சொல்லுதுகள் "ரீச்சர் நான் பாஸ் இல்லை" எண்டு. அதுக்கு என்ன செய்யிறது?

தனியார்_பள்ளி_தமிழம்மா

அய்யோ இது நெஜம். எங்க அண்ணன் பொண்ணு அரசுப் பள்ளில ரெண்டாவது படிக்கறப்ப, எண்ணும் எழுத்தும் திட்டத்துல அரும்பு மொட்டு மலர்னு மூணு மட்டமா பிரிப்பாங்கல்ல, யாருக்கும் மனசு நோகக்கூடாதுன்னு எவ்ளோ அழகா பேர் வச்சிருக்காங்க. பக்கத்து வீட்டு பொடிசு வந்து "நான் மலரு, இவ இன்னும் அரும்பு"ங்குது. பேர் பூவா இருந்தாலும் பசங்க கண்டுபிடிச்சுருவாங்க யார் மேல யார் கீழன்னு.

திட்டத்த குத்தம் சொல்லல. எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுத்துல இருந்துதான் ஆரம்பிக்கணும், அத தெரிஞ்சுக்காம பாடம் எடுக்க முடியாது.

கடைசிபெஞ்ச்_கதிர்

அப்ப முடிவா என்ன, கேக்கணுமா வேணாமா? தல சுத்துது

கணக்கு_சார்_31வருசம்

கேக்கணும். ஆனா என்ன கேக்கணும்னு இப்ப கொஞ்சம் மாத்திக்கறேன், ரிட்டயர்டு ஆனப்புறம் மாத்தி என்ன பிரயோஜனம்னு கேக்காதீங்க. "அவன் எப்படி"ன்னு கேட்டா பேர்தான் வரும். "அவனுக்கு என்ன தேவ, நீங்க என்ன பண்ணினப்ப கேட்டான்"னு கேட்டா பழைய டீச்சர் ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. யோசிச்சு வர்ற பதில்ல விஷம் கம்மி. உடம்பு விஷயம், வீட்ல அடி உதை, அப்பா இல்ல அம்மா இல்ல, மாத்திரை, இதெல்லாம் மொத நாளே தெரியணும், அதுல ரெண்டு வாரம் பொறுக்கற கதையே வேணாம். சண்டை, திருட்டு, வாய், அதெல்லாம் ரெண்டு வாரம் கழிச்சு நீங்களா கேட்டுக்கங்க. அப்ப அந்த மொகத்துக்கு உங்ககிட்டயே ஒரு கத இருக்கும், வர்றத அதோட ஒத்துப் பாப்பீங்க.

ஒரே ஒரு விதிவிலக்கு. இன்னொரு பிள்ளைய காயப்படுத்தின விஷயம்னா அது மொத நாளே தெரியணும். அடிபட்ட பிள்ளையும் அதே கிளாஸ்ல உக்காந்திருக்கும்ல.

தேனிப்பக்கம்

கடைசி பாராவோட ஒத்துப்போறேன். ஆனா அது எச்.எம். மூலமா, எழுத்துல, தேதியோட, என்ன நடந்துச்சுன்னு வரட்டும். "அவன் ஒரு மாதிரி"ன்னு டீ டம்ளரோட வரவேணாம். எழுத்துல வந்தா பதில் சொல்ல அந்தப் பையனுக்கும் ஒரு வழி இருக்கும். வாய்ல வந்தா அவனுக்கு தன்மேல என்ன புகார்னே தெரியாது.

ஆறாப்பு_மிஸ் | செப்டம்பர் 2025

காலாண்டுப் பரீட்ச நடக்குது, பேப்பர் திருத்தற நடுவுல எழுதறேன். சில பேர் தனியா மெசேஜ் போட்டு அந்தப் பையன் என்ன ஆனான்னு கேட்டிருந்தீங்க.

உங்க பேச்சையெல்லாம் படிச்சுட்டு அவன மொத வாரமே கடைசி பெஞ்ச்ல இருந்து எடுத்து ரெண்டாவது வரிசைல போட்டேன். அங்கயும் பக்கத்துல இருக்கறவன் நோட்டத்தான் பாத்தான். சரி பழைய டீச்சர் சொன்னது நெஜம்தான் போலன்னு நெனச்சேன். ஒரு நாள் போர்டுல 38ன்னு எழுதியிருக்கேன், இவன் நோட்டுல 88. திட்ட வாயெடுத்துட்டேன், அப்புறம் என்னமோ தோணி கதவோரமா நிக்க வச்சு போர்ட படிக்கச் சொன்னேன். மூணாவது வரிக்கு மேல ஒண்ணுமே படிக்கல, கண்ண சுருக்கி சுருக்கி எழுத்துக்கூட்டறான். கண்ணொளி காப்போம்னு அரசு திட்டம் இருக்கு, அதுல கண்ண டெஸ்ட் பண்ணினாங்க, கண்ணாடி வந்துருச்சு. போட்டுக்கிட்டு வந்த மொத நாள் வேப்பமரத்தையே பாத்துட்டு நின்னான், எல தனித்தனியா தெரியுதாம். அஞ்சு வருசமா கடைசி பெஞ்ச்.

இதோட நிறுத்தினா கத நல்லாருக்கும். ஆகஸ்ட்ல ஒரு பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸ் காணாம போச்சு. இவன் பைலதான் இருந்துச்சு. ஆமா, எடுத்திருக்கான். "இல்ல டீச்சர் நான் எடுக்கல"ன்னு மொகத்த பாத்து சொல்லவும் சொன்னான். எனக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு, பழைய டீச்சர் போன்ல சிரிக்கற மாதிரியும் இருந்துச்சு. ஆனா ஒண்ணு சொல்லணும், அது அவன் பையில இருக்கும்னு நான் மொதல்ல நெனைக்கல, மொத்தம் அஞ்சு பேர் பைய பாத்தப்பறம்தான் அவன் பைக்கு வந்தேன். அப்பாவ வரச்சொன்னேன். சத்தம் போடுவாருன்னு எச்.எம்.மையும் கூடவே உக்கார வச்சிருந்தேன். பெயிண்டரு, கையெல்லாம் சுண்ணாம்பு. வந்து நின்னவரு "பாக்ஸ் எவ்ளோங்க டீச்சர்"னு மட்டும் கேட்டாரு. அதான் கெடச்சிருச்சே, பணம் வேணாம்னேன். இல்லங்க, இவனுக்கு ஒண்ணு வாங்கணும்ல, அதான் எவ்ளோன்னு கேட்டேன்னாரு.

கணக்கு_சார்_31வருசம்

அடுத்த ஜூன்ல ஏழாவது வாத்தியார் கேப்பாரே. என்ன சொல்வீங்க?

ஆறாப்பு_மிஸ்

கண்ணாடி விஷயம் சொல்வேன் சார். முன் வரிசை வேணும்னு சொல்வேன். பாக்ஸ் விஷயம் இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கேன்.

அட்டைல எழுதினது மேல ஒயிட்னர் போட்டேன். காஞ்சதும் அந்த எடம் மட்டும் பளிச்சுன்னு தெரியுது, பசங்க வேற "டீச்சர் அங்க என்ன எழுதி அழிச்சிருக்கீங்க"ன்னு கேக்கறாங்க. இப்ப அதுமேல டைம் டேபிள ஒட்டி வச்சிருக்கேன்.